பழைய டிவிடியில் பிளாஸ்மன் பிடிப்பது எப்படி

சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் எடுத்த வீடியோவை ஸ்ரூடியோக்காரர் டிவிடியில் பதிந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வன்னியில் அநேகம் வீட்டு அலுமாரிகளில் அந்தத் தட்டுகள் இன்னும் கிடக்கின்றன. போட்டுப் பார்க்கப் பிளேயர் இல்லை, எறியவும் மனம் வரவில்லை. படத்தை ஒரு பென்ரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு தட்டைக் கேட்டு வாங்குங்கள். அதோடு ஒரு சிவப்பு லேசர், ஒரு வெள்ளைச் சுவர், இரண்டு இரவு. மேற்பரப்புப் பிளாஸ்மனைக் கண்ணால் காண இவ்வளவும் போதும். நான் இதைப் பரந்தனில் ஒரு வீட்டு விறாந்தையில் வைத்துத்தான் செய்தேன், ஆய்வுகூடத்தில் அல்ல.

உயர்தரப் பௌதிகவியல் படித்தவருக்குக் கோணல் என்றால் விளங்கும்: நெருக்கமான கோடுகளில் பட்ட ஒளி வளைந்து பல திசைகளில் பிரிந்து போவது. இந்தியப் பாடநூல்கள் அதை விளிம்பு விளைவு என்கின்றன. ஒளியைக் கோணச் செய்யும் நெருக்கமான கோடுகள் கொண்ட பரப்பை இங்கே கிரேற்றிங் என்றே எழுதுகிறேன். பேசும்போதும் அப்படித்தானே சொல்கிறோம்.

முதலில், எதைப் பிடிக்கப் போகிறோம்?

உலோகத்தின் மேற்பரப்பில் உள்ள சுயாதீன இலத்திரன்கள், காற்றடிக்கும்போது வயலில் நெற்கதிர் அலைவதுபோல ஒன்றுசேர்ந்து அலையக்கூடியவை. அந்த இலத்திரன் அலையும், அதோடு ஒட்டிக்கொண்டு உலோகத்தின் மேலாக ஓடும் மின்காந்தப் புலமும் சேர்ந்ததுதான் மேற்பரப்புப் பிளாஸ்மன். ஒளியின் சக்தி அதற்குள் போனால், தெறித்து வரவேண்டிய ஒளி குறையும். நாம் பார்க்கப் போவது அந்தக் குறைவை. வரைபில் அது ஒரு பள்ளமாகத் தெரியும் என்பதால் இனி அதைப் பள்ளம் என்றே சொல்கிறேன்.

ஆனால் வெறும் தட்டையான வெள்ளியில் லேசரை எந்தக் கோணத்தில் அடித்தாலும் இது நடக்காது. 650 நனோமீற்றர் சிவப்பு ஒளியில், வெள்ளியும் காற்றும் சந்திக்கும் எல்லையில் ஓடும் பிளாஸ்மனின் அலைநீளம் ஏறத்தாழ 633. சாய்வாக விழும் ஒளி அந்தப் பரப்பில் பதிக்கும் அலையின் நீளமோ, 650ஐப் படுகோணத்தின் (பரப்பின் செங்குத்திலிருந்து கதிர் சாய்ந்திருக்கும் கோணத்தின்) சைனால் வகுத்தால் வருவது. சைன் ஒன்றைத் தாண்டாது என்பதால் அது 650க்குக் கீழே ஒருநாளும் இறங்காது. காவுதடியில் சுமை கொண்டுபோகும் இரண்டு பேரில் ஒருவர் எட்டி நடந்து மற்றவர் குறுக நடந்தால் சுமை ஆடிக்கொண்டே இருக்கும். இங்கேயும் நடை ஒத்துவராததுதான் சிக்கல்.

தவாளிப்புகள், அதாவது கிரேற்றிங்கின் நுண்ணிய சால்கள், உள்ள பரப்பு இந்த நடையைத் திருத்திக் கொடுக்கிறது. கணக்கு இவ்வளவுதான்: படுகோணத்தின் சைனோடு, அலைநீளத்தைத் தவாளிப்பு இடைவெளியால் வகுத்து வருவதைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பிளாஸ்மனின் சுட்டிக்கு (ஒளியின் அலைநீளத்தைப் பிளாஸ்மனின் அலைநீளத்தால் வகுத்து வருவதற்கு) சமமாகும் கோணத்தில் ஒளி உள்ளே போகும். காற்றில் வெள்ளிக்கு, சிவப்பு ஒளியில் அந்தச் சுட்டி சுமார் 1.027. டிவிடியின் தவாளிப்பு இடைவெளி 740 நனோமீற்றர். 650ஐ 740ஆல் வகுத்தால் 0.878. மிச்சம் 0.149. அதை சைனாகக் கொண்ட கோணம் எட்டரைப் பாகை. ஆக, நாம் தேடுவது எட்டரைப் பாகைக்குக் கிட்ட ஓர் இடம்.

இதை முதலில் கண்டவர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர். டபிள்யூ. வூட். 1902இல் உலோகக் கிரேற்றிங்கில் வெள்ளை ஒளியை விட்டபோது, நிறமாலையில் காரணம் தெரியாத கருங்கோடுகளும் வெளிச்சக்கோடுகளும் வந்தன. அதுவும் ஒரு முனைவாக்கத்தில் மட்டும், அதாவது ஒளியின் மின்புலம் ஒரு குறித்த திசையில் ஆடும்போது மட்டும். இங்கிலாந்துப் பௌதிகவியலாளர் றேலி 1907இல் பாதி விளக்கம் சொன்னார். மேற்பரப்பில் ஓடும் அலைதான் காரணம் என்று இத்தாலியப் பௌதிகவியலாளர் ஃபானோ 1941இல் காட்டினார். நாமும் வூட் கண்டதைத்தான் காணப் போகிறோம், மலிவான சாமானில்.

எந்தத் தட்டு?

ஸ்ரூடியோவில் பதிந்த டிவிடி வேண்டும், கடையில் விற்ற படத் தட்டு அல்ல. பதிந்த தட்டின் கீழ்ப்பக்கம் லேசான ஊதா நிறமாகத் தெரியும். அதற்குள் சாயப் படலம் ஒன்றும், அதன் மேல் பெரும்பாலும் வெள்ளியோ வெள்ளிக் கலவையோ கொண்ட உலோகப் படலமும் இருக்கும். அச்சிட்ட படத் தட்டுகளில் வழக்கமாக அலுமினியம். அலுமினியத்திலும் பிளாஸ்மன் உண்டு. ஆனால் சிவப்பு ஒளியை அது நிறைய உறிஞ்சுவதால் பள்ளம் அகன்று மங்கிப்போகும். புதிதாகப் பழகுபவர் அதில் கைவைக்க வேண்டாம்.

சீடியும் வேண்டாம். அதன் இடைவெளி 1600 நனோமீற்றர் என்பதால் கோணல் கதிர்கள் பல கிளம்பி ஒளியைப் பங்குபோட்டுக்கொள்ளும். புளூரேயின் 320 நனோமீற்றரோ இன்னொரு கரை. கணக்குப் போட்டுப் பாருங்கள், சிவப்பு ஒளியில், காற்றில், எந்தக் கோணமும் கிடைக்காது. டிவிடிதான் இந்த வேலைக்கென்றே செய்தது போல.

பிரிப்பது

டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்ரிக் தட்டுகளை ஒட்டியது. பெரிய கத்தரிக்கோலால் நான்காக வெட்டுங்கள். வெட்டும்போது ஓரம் வெடிக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டின விளிம்பில் பிளேட்டின் நுனியைச் செருகி மெல்லத் திருகினால் இரண்டு பாதியும் விடுபடும். அவசரப்பட்டால் உலோகம் திட்டுத் திட்டாகக் கிழியும். நான் முதலில் பிரித்த நாலு துண்டில் இரண்டு அப்படித்தான் போயின.

நல்லபடி விட்டால் ஒரு பாதி ஊதாச் சாயத்தோடு கண்ணாடிபோல வரும், மற்றது பளபளவென்று உலோகத்தோடு வரும். நமக்கு வேண்டியது பளபளப்பான பாதி. சாயம் இருந்த பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்த உலோக முகத்தில் தவாளிப்புகள் அப்படியே பதிந்திருக்கின்றன. சாயம் தவாளிப்புகளைக் கொஞ்சம் நிரப்பிவிடுவதால் உலோகத்தில் பதிந்தவை ஆழம் குறைந்தவையாக இருக்கும். நமக்கு அது நல்லது. ஆழம் கூடினால் பள்ளம் அகன்றுவிடும்.

உலோகத்தின் மேல் மிச்சமிருக்கும் சாயத்தைப் போக்க, துண்டைச் சரித்துப் பிடித்துச் சுத்தமான ஸ்பிரிட்டை மேலிருந்து வழியவிடுங்கள். ஊதா நிறம் கரைந்து ஓடுவது தெரியும். பஞ்சால் தேய்க்கக் கூடாது, விரல் படவே கூடாது. பிறகு ஒரு பெட்டிக்குள் சரித்து வைத்து உலரவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதை யன்னலோரம் வைத்துச் செய்தால் செம்மண் தூசு முழுக்க வெள்ளியில்தான் வந்து குந்தும். நான் இரவில், கதவைச் சாத்திவிட்டுச் செய்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் படிப்பவராக இருந்து, வெற்றிடத்தில் உலோகம் பூசும் கருவி ஒன்றைத் தொட வழி இருந்தால், சாயம் கழுவிய மற்றப் பாதியின் மேல் வெள்ளியோ தங்கமோ 80 முதல் 100 நனோமீற்றர் பூசிக்கொள்ளலாம். கிரேற்றிங்குக்குப் பதிலாகக் கண்ணாடி அரியம் வைத்துப் பிளாஸ்மனைக் கிளப்பும் இன்னொரு முறையில் படலம் 50 நனோமீற்றருக்குக் கிட்ட இருந்தே ஆகவேண்டும். கிரேற்றிங்கில் அந்தக் கெடுபிடி இல்லை, ஒளி ஊடுருவாத தடிப்பு இருந்தால் போதும். தங்கம் கறுக்காது, அது ஒரு வசதி. ஆனால் தங்கத்துக்குச் சிவப்பு ஒளிதான் சரி, பச்சையை அது விழுங்கிவிடும். தங்கத்தில் பள்ளம் ஒன்பதரைப் பாகைக்குக் கிட்ட வரும்.

பிளாஸ்ரிக்கின் மேல் வீட்டிலேயே வெள்ளி நைத்திரேற்றும் அமோனியாவும் கலந்து கண்ணாடி பூசுவதுபோலப் பூசலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அமோனியா அந்தப் பிளாஸ்ரிக்கைத் தின்னும். அந்தக் கரைசலை மிச்சம் வைத்தால் வெடிக்கும் பொருளும் உண்டாகும்.

லேசரும் அதன் தலைப்பக்கமும்

வற்றாப்பளைக் கோயில் பொங்கல் கடைகளில் விற்கும் சிவப்பு லேசர் போதும். பச்சை வாங்காதீர்கள். மலிவான பச்சை லேசர்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும், முனைவாக்கமும் ஒழுங்கில்லை. சிவப்பிலும், லேபலில் எழுதிய வலுவை நம்ப வேண்டாம். வெள்ளித்துண்டு நல்ல கண்ணாடி, அதில் தெறித்த கதிர் நேர்க்கதிருக்குச் சமம். சிறுபிள்ளைகள் உள்ள வீடென்றால் கதவைப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள். கதிரையில் இருக்கும்போது உங்கள் கண் மட்டத்துக்குக் கதிர் வரக்கூடாது.

பொத்தான் பற்றரி சீக்கிரம் இறங்கும், ஒளி மாறிக்கொண்டே போகும். மூன்று பொத்தான் பற்றரியில் ஓடும் லேசருக்கு மூன்று பென்ரோச் பற்றரியை வயரில் இணைத்துக் கொடுத்தேன். சுவிட்சை அமத்தி வைக்க உடுப்புக் கிளிப் ஒன்று.

இனி முக்கியமான படி. இதைத் தவறவிட்டதால் நான் இரண்டு இரவைத் தொலைத்தேன். பிளாஸ்மனைக் கிளப்ப ஒளியின் மின்புலம் தவாளிப்புகளுக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். லேசர் டயோட்டின் ஒளி பெரும்பாலும் தளமுனைவானது, ஆனால் எந்தத் திசையில் என்று உறையில் எழுதியிருக்காது. நான் அதைப் பார்க்காமலே வைத்துவிட்டு, ஒன்றும் மங்கவில்லை என்று தட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திசையை அறிய யன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று போதும். அதை மேசையில் நிமிர்த்தி நிறுத்தி, லேசரைக் கிடையாக, 56 பாகைப் படுகோணத்தில் அடியுங்கள். கண்ணாடியில் தெறித்து வரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே லேசரை அதன் அச்சில் உருட்டுங்கள். ஓரிடத்தில் அந்தப் புள்ளி அணைந்ததுபோல மங்கும். அப்போது மின்புலம் கிடையாக இருக்கிறது. லேசரின் மேற்பக்கத்தில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். இனி அந்தக் கோடு மேலே இருந்தால் பிளாஸ்மன் வரும், பக்கத்துக்குப் போனால் வராது.

சுவரே அளவுகோல்

மேசையை வெள்ளைச் சுவரிலிருந்து 2 மீற்றர் தள்ளி வையுங்கள். லேசரைச் சுவரோடு ஒட்டினாற்போல ஒரு ஸ்ரூலில் ஏற்றி, கதிர் சுவருக்குச் செங்குத்தாக மேசையை நோக்கி வரும்படி செய்யுங்கள். வெள்ளித்துண்டை இரட்டைப்பக்க ரேப்பால் ஒரு மரக்கட்டையின் முகத்தில் தட்டையாக ஒட்டுங்கள். துண்டு வளைந்திருந்தால் புள்ளி இழுபட்டுப்போகும். கட்டை நின்ற இடத்தில் சுழலவேண்டும். பழைய சுழல் மேசைத் தட்டு ஒன்று கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கட்டையின் அடியில் ஓர் ஆணி.

தவாளிப்புகள் நிமிர்ந்து நிற்கவேண்டும். எப்படித் தெரியும்? கதிர் துண்டில் நேரே விழும்போது, தெறித்த புள்ளிக்கு இரண்டு பக்கமும், 61 பாகையில், கோணல் புள்ளிகள் இரண்டு வரும். அவை ஒரே கிடைமட்டத்தில் விழுந்தால் தவாளிப்பு நிமிர்ந்து நிற்கிறது. மேலும் கீழுமாகச் சரிந்தால் துண்டைத் திருப்பி ஒட்டுங்கள்.

பிறகு தெறித்த கதிர் லேசரின் வாய்க்கே திரும்பிப் போகும்படி கட்டையைத் திருப்புங்கள். இதுதான் பூச்சியப் பாகை. இனிக் கட்டையை ஒரு பாகை திருப்பினால் தெறித்த கதிர் இரண்டு பாகை திரும்பும், சுவரில் புள்ளி ஏழு சென்ரிமீற்றர் நகரும். பாகைமானியில் கண்ணைக் குத்திக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

விளக்கை அணைத்துவிட்டுக் கட்டையை மெல்ல மெல்லத் திருப்புங்கள். தெறித்த புள்ளி போகும் அதே பக்கத்தில், துண்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை மட்டையைப் பிடித்தால் கோணல் கதிர் அதில் தெரியும். திருப்பத் திருப்ப அது வெள்ளியின் முகத்தை நோக்கிச் சரிந்துகொண்டே வரும். சுவரில் புள்ளி லேசரிலிருந்து 50 சென்ரிமீற்றரில் நிற்கும்போது, அதாவது ஏழு பாகையில், அந்தக் கதிர் பரப்போடு உரசி, இழுபட்டு, இல்லாமல் போகும். இதுதான் அறிவிப்பு மணி. இங்கே நின்றுவிடாதீர்கள், இது இன்னும் பிளாஸ்மன் அல்ல.

இன்னும் ஒன்றரைப் பாகை. சுவரில் 61 சென்ரிமீற்றரை அண்டும்போது புள்ளி மங்கத் தொடங்கும். கண் பழகாவிட்டால் முதல் தடவை தவறிப்போகும், ஆகவே முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். வெளிச்சம், மங்கல், வெளிச்சம். என் துண்டில் அது 65 சென்ரிமீற்றரில், ஒன்பது பாகையில் வந்தது. கழுவியும் போகாத சாயத்தின் மெல்லிய படலமும், தவாளிப்பின் ஆழமும் இப்படிக் கொஞ்சம் தள்ளிவிடும். அரைப் பாகை வித்தியாசத்துக்காகத் தட்டைப் பிழை சொல்லத் தேவையில்லை. 47 பாகைக்குக் கிட்டவும் மெல்லிய மங்கல் ஒன்று வரலாம். அது இரண்டாம் வரிசைக் கோணலால் வருவது, குழம்ப வேண்டாம்.

கண்டது பிளாஸ்மன்தானா?

மங்கின இடத்தில் கட்டையை அசையாமல் விட்டுவிட்டு, லேசரை மட்டும் அதன் அச்சில் கால்வட்டம் உருட்டுங்கள். பேனைக்கோடு மேலிருந்து பக்கத்துக்கு வரும்போது புள்ளி பளிச்சென்று திரும்பி வரும். மறுபடி உருட்டினால் மங்கும். தூசு, கீறல், ரேப்பின் ஓரம் எதுவும் இப்படி நடக்காது. புள்ளி திரும்பி வராவிட்டால் நீங்கள் கண்டது வேறேதோ, துண்டில் வேறோர் இடத்தில் கதிரை விழுத்திப் பாருங்கள்.

எண்ணில் வேண்டுமென்றால், தோட்டத்து சூரிய விளக்கு ஒன்றிலிருந்து கழற்றிய சூரியக்கலத்தைச் சுவரில் புள்ளி விழும் இடத்தில் பிடித்து, மல்ரிமீற்றரை மைக்ரோஅம்பியரில் வையுங்கள். வோல்ற்றில் வைக்காதீர்கள். கலத்தின் ஓட்டந்தான் ஒளிக்கு நேர்விகிதமாகப் போகும், அழுத்தம் அப்படிப் போகாது. நாலு பாகையிலிருந்து பதினாலு பாகை வரை, அரைப் பாகைக்கு ஒரு தடவை, கோடு மேலே இருக்கும்போது ஒன்றும் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றுமாக இரண்டு வாசிப்பு எடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரைபுத்தாளில் குறியுங்கள். பற்றரி இறங்குவது, லேசர் சூடாவது எல்லாம் அந்த வகுத்தலில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

தண்ணீர், பிறகு சீனித்தண்ணீர்

பிளாஸ்மன் உலோகத்தை ஒட்டிய மெல்லிய படைக்குள்தான் ஓடுகிறது. ஆகவே வெள்ளியின் மேல் என்ன தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதை அது உணரும். துண்டின் இரு ஓரத்திலும் மட்டைத் துண்டுகளை ஒட்டி, அவற்றின் மேல் நுணுக்குக்காட்டி வழுக்கி ஒன்றை வெள்ளிக்குச் சமாந்தரமாக வைத்து, இடைவெளியில் தண்ணீரை விடுங்கள். வழுக்கி சமாந்தரமாக இருந்தால், வெளியே காற்றில் அளக்கும் கோணத்தையே கணக்கில் போடலாம்.

பள்ளம் எட்டரையிலிருந்து 31 பாகைக்கு ஓடிவிடும். ஒரு துளித் தண்ணீர் செய்யும் வேலை இது. இந்தக் கோணத்துக்குச் சுவர் எட்டாது. கட்டையில் 30 சென்ரிமீற்றர் ஈர்க்கு ஒன்றை முள்ளாக ஒட்டி, கீழே தாளில் பாகை வில்லை வரைந்துகொள்ளுங்கள். தெறித்த புள்ளியை ஒரு வெள்ளை மட்டையில் பிடித்துப் பார்க்கலாம்.

இப்போது 90 கிராம் தண்ணீரில் 10 கிராம் சீனி கரைத்து, முன்னைய தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு அதை விடுங்கள். முறிவுச் சுட்டி 1.333இலிருந்து 1.348க்குப் போகிறது. பள்ளம் ஒரு பாகைக்குச் சற்று மேலே நகரும், ஈர்க்கின் நுனியில் அது ஆறு மில்லிமீற்றர். ஆனையிறவு உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று உப்புத்தண்ணீரை விடத் தோன்றும். உப்பு வெள்ளியை அரிக்கும், அடுத்த நாள் துண்டைத் திரும்பப் பாவிக்க முடியாது. சீனித்தண்ணீர் விட்ட துண்டையும் உடனே நல்ல தண்ணீரில் அலசி வையுங்கள். ஒரு தடவை நான் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன், விடியப் பார்த்தால் கட்டை முழுக்க எறும்பு.